மூச்சு மாஸ்டரின் முதல் சீடன்

அத்தியாயம் 6

மூச்சு விடக் கற்றுக்கொடுக்கும் இடத்தை மூன்றாவது மாடியில் வைத்து, லிஃப்டையும் ரிப்பேராகவே போட்டு வைத்திருந்த புண்ணியவானை, படியேறும்போதே கொழுந்தனுக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

கீழே டயர் கடை. முதல் மாடியில் பல் டாக்டர். இரண்டாவது மாடியில் கண்ணாடி வியாபாரியின் கிடங்கு. அதற்கும் மேலேதான் 'மூச்சு மண்டபம்'. படிக்கட்டுச் சுவர் நெடுக ஒரே ஆளின் படம். நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, ஊரில் இருக்கிற காற்றெல்லாம் தன் பேரில் பட்டா போட்டது என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கடைசிப் படியில் நின்று கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தான். வாயில் வைத்து ஒரு அழுத்து அழுத்தி, பத்து எண்ணி, மூச்சை விட்டான். ஏழு வயதிலிருந்து அவனுக்கு இழுப்பு உண்டு.

"வந்தாச்சா?" என்றாள் அண்ணி, மேலிருந்து. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூச்சு வாங்கவில்லை.

அண்ணி இருபத்தாறு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவள். எரிந்த கடை தானாக எரிந்ததா, செத்த மாடு தானாகச் செத்ததா என்று பார்த்துப் பார்த்து, மனிதர்கள் மேல் மரியாதை என்பதே அவளுக்கு அடியோடு வற்றிவிட்டது. வேலையை விட்டபின் அதையே வீட்டிலிருந்து செய்கிறாள். ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டுச் சும்மா இருந்த கொழுந்தனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். அவன் வண்டி ஓட்டுவான், பை தூக்குவான், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய எல்லா இடத்திலும் பேசுவான்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை காலை பத்து மணி வகுப்பில், தையல் வேலை செய்யும் ஒரு அம்மாவுக்கு இழுப்பு வந்தது. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போவதற்குள் நினைவு போய்விட்டது. மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் மிஷின்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அவர் எப்போதும் பையில் வைத்திருக்கும் இன்ஹேலர் பையில் இல்லை. பை இருந்தது மண்டபத்தின் வரவேற்பு மேசையில். மேசையில் உட்கார்ந்திருந்த பெண் அந்த அம்மாவின் சொந்த அக்கா மகள். சித்தியை வகுப்பில் கொண்டு வந்து சேர்த்தவளே அவள்தான்.

அந்தப் பெண் சொன்னது ஒன்று. தன் மேசையில் உண்டியல் மாதிரி ஓட்டை வைத்த இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது, வகுப்புக்கு வருகிறவர்கள் இன்ஹேலரை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம், சித்தியின் இன்ஹேலரும் அதற்குள்தான் போனது, சாவி மாஸ்டரிடம், சித்தி மூச்சு முட்டிக் கையை நீட்டிக் கேட்டும் அவர் பத்து நிமிஷம் பெட்டியைத் திறக்கவில்லை என்றாள். மாஸ்டர் சொன்னது வேறு. அப்படி ஒரு பெட்டியே கிடையாது என்றார். பதினாறு சீடர்களும் அதையே ஒப்பித்தார்கள். போலீஸ் அன்றைக்கே மாடி முழுவதையும் புரட்டிப் போட்டுத் தேடியது. பெட்டி இல்லை. சித்தியின் மகளோ, குடும்ப வீட்டு மாடி அறை யாருக்கு என்ற பழைய தகராறில் அக்கா முறையான அந்தப் பெண்தான் மருந்தை எடுத்து ஒளித்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் இன்று பன்னிரண்டு மணிவரை கெடு கொடுத்திருந்தார். அதற்குமேல் அந்தப் பெண் ஜெயிலுக்குப் போவாள். அவள் புருஷன் நேற்று இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி வீட்டு வாசலில் வந்து நின்றான். குழந்தை அண்ணியின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அண்ணி கேஸை ஒத்துக்கொண்டாள்.

இப்போது மணி பதினொன்று.

உள்ளே வரவேற்பு அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஜன்னலோரம் இரண்டு பெரிய பூந்தொட்டி. உள் மண்டபத்துக்குப் போகும் வழியில் இடுப்புயர ஸ்டாண்டின் மேல் ஒரு மீன் தொட்டி. மேசைக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள். மூன்று நாள் தூங்காத முகம். பக்கத்தில் இன்ஸ்பெக்டர், கடிகாரத்தைப் பார்க்கவும் கொட்டாவி விடவும் மட்டுமே வந்தவர் போல.

பெட்டி எங்கே இருந்தது என்று அண்ணி கேட்டாள். அந்தப் பெண் மேசையின் இடது ஓரத்தைக் காட்டினாள். அங்கே இப்போது ஒரு பூ ஜாடி இருந்தது. அண்ணி ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் நாலு மூலைக்கு நாலு துருக் கறை.

"துரு இருந்தா பெட்டி இருந்துச்சுன்னு அர்த்தமா மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க வீட்டு மேசையிலயும்தான் கறை இருக்கு."

"ஜாடிக்கு ஒரு கால்கூட இல்லையே சார், நாலு கறை எப்படி வந்துச்சு?" என்றான் கொழுந்தன். இன்ஸ்பெக்டர் அதற்குப் பதிலாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

உள்ளறைக் கதவு திறந்து மூச்சு மாஸ்டர் வந்தார். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் கயிற்றில் கோத்த ஒரு சின்னச் சாவி, கையில் ஆவி பறக்கும் வெந்நீர் டம்ளர். மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அறையில்தான் குடியிருக்கிறார். சனிக்கிழமையிலிருந்து வாசலில் போலீஸ் காவல் இருப்பதால் ஏதாவது வேண்டுமென்றால் கான்ஸ்டபிளிடம் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டிய நிலைமை. மெதுவாக நடந்தார், அதைவிட மெதுவாகப் பேசினார். மூன்று வார்த்தைக்கு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியைத்தான் சீடர்கள் ஞானம் என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள் போலும்.

அவர் பார்வை முதலில் போனது அண்ணியின் மேல் அல்ல, கொழுந்தனின் சட்டைப் பையின் மேல்.

"அத... வெளிய வச்சுட்டு... வாங்க," என்றார். கை தன்னால் மேசையின் இடது ஓரத்துக்கு நீண்டது. ஜாடியைப் பார்த்ததும் நடுவழியில் நின்றது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டது.

"எத சார்?" என்றான் கொழுந்தன், ஒன்றும் தெரியாதவனாக. "பேனாவையா?"

மாஸ்டர் வெந்நீரை ஒரு வாய் குடித்தார். கொழுந்தன் சிரித்துக்கொண்டே இன்ஹேலரை எடுத்து மேசை மேல், அந்தப் பெண்ணின் கையருகே வைத்தான். அண்ணி அவனைப் பார்த்த பார்வையில், பரவாயில்லை, இன்றைக்கு ஒரு உருப்படியான வேலை செய்தாய் என்பது இருந்தது.

பிறகு கால் மணி நேரம் பிரசங்கம். நுரையீரல் என்பது ஒரு பை. பையை எவ்வளவு நிரப்புகிறோமோ அவ்வளவு பிராணவாயு. மருந்து என்பது ஊன்றுகோல். இழுப்பு வந்தால் பயப்படாமல் இன்னும் ஆழமாக இழுக்க வேண்டும், இழுத்து அடக்க வேண்டும், அந்த அம்மா தன் சொல்லைக் கேட்கவில்லை, அதனால்தான் இப்படி ஆனது என்றார். அன்றைக்கு இழுப்பு வந்ததும் மற்ற சீடர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று அண்ணி கேட்டாள். கண்ணைத் திறக்க வேண்டாம், கவனம் சிதறும் என்று சொன்னேன் என்றார் பெருமையாக. பக்கத்தில் ஒரு பொம்பளை மூச்சுக்குத் தவிக்க, பதினாறு படித்த ஜென்மங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. அதில் ஒருவர் கீழ் மாடிப் பல் டாக்டர். பெட்டி இருந்தது என்று ஒத்துக்கொண்டால், அந்தப் பத்து நிமிஷமும் தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் பதினாறு பேருக்கும் ஒரே வாய்.

கொழுந்தனுக்குக் காது எரிந்தது. பையாம், நிரப்ப வேண்டுமாம். நுரையீரல் பை இல்லை என்பது இழுப்புக்காரன் எவனுக்கும் தெரியும். அது கோடிக்கணக்கான சின்னச் சின்னக் குமிழி. ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் நூலைவிட மெல்லிய ரத்தக் குழாய். நல்ல காற்று அங்கே ரத்தத்துக்குள் போக வேண்டும், கெட்ட காற்று ரத்தத்திலிருந்து வெளியே வர வேண்டும். கொடுக்கல் வாங்கல் நடந்தால்தான் பிழைப்பு. இழுப்பு வந்தால் காற்று போகும் வழி சுருங்கிவிடும். உள்ளே போன காற்று வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். மார்பு ஏற்கெனவே நிரம்பிப் போய்க் கிடக்கும், அதனால்தான் புதிதாக இழுக்க இடமே இருக்காது. அப்படித் தவிக்கிறவரைப் பார்த்து இன்னும் இழு, இழுத்து அடக்கு என்று சொல்பவன் மாஸ்டர் அல்ல. அவனை என்ன சொல்லலாம் என்று கொழுந்தன் நாலைந்து வார்த்தை யோசித்து வைத்தான். அண்ணி பக்கத்தில் இருந்ததால் ஒன்றையும் வெளியே விடவில்லை.

"ஒண்ணு கவனிச்சீங்களா அண்ணி," என்று அவள் காதோரம் மட்டும் சொன்னான். "இவர் மூச்சு விடும்போது தோள்பட்டை ரெண்டும் ஏறி ஏறி இறங்குது."

"பேசாம இரு," என்றாள் அண்ணி. ஆனால் பார்த்துக்கொண்டாள்.

மாஸ்டர் அடுத்த குண்டை அவரே தூக்கிப் போட்டார். இந்தப் பெண்ணின் மனசு எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொரு சாட்சி தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, பின்னறை ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிரித்தால் உள்ளே ஒரு செத்த விரால். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம்.

இதுதான் தன் முதல் சீடன் என்றார். தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு மூச்சை அடக்கும் வித்தையைத் தன் சீடர்கள் இதைப் பார்த்துத்தான் படித்தார்களாம். சனிக்கிழமை மத்தியானம் தொட்டியில் மல்லாந்து கிடந்தது. அந்தப் பெண்தான் கிளம்பும் முன் விஷம் போட்டிருக்கிறாள் என்றார். இன்ஸ்பெக்டர் அதையும் ஒரு குற்றமாக எழுதி வைத்திருந்தார்.

அதுவரை தலை குனிந்து நின்ற பெண் நிமிர்ந்தாள்.

"நான் எதுக்கு அதக் கொல்லணும்? நாலு வருஷமா நான்தான் அதுக்குத் தீனி போடுறேன். இந்த மேசையில உக்காந்தா எனக்குத் துணை அது ஒண்ணுதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ மேல வந்து 'ப்ளக்'னு வாயத் திறந்து மூடும். மணி பாக்கவே வேணாம்."

"அது... எனக்கு வணக்கம்... வைக்க வரும்," என்று திருத்தினார் மாஸ்டர். "சீடர்கள் எல்லாருக்கும்... தெரியும்."

அண்ணி சட்டென்று திரும்பினாள். கொழுந்தனுக்கு அந்தத் திரும்பல் தெரியும். எரிந்த கடையில் எரியாத பூட்டைப் பார்த்தபோதும் இப்படித்தான் திரும்பினாள்.

"இவர் இல்லாதப்பவும் மேல வருமாம்மா?"

"வரும் மேடம். ஞாயித்துக்கிழமை நான் தனியா பெருக்க வர்றப்பவும் வரும்."

"சுவத்துக்கா வணக்கம் வைக்கும்?" என்றான் கொழுந்தன்.

அண்ணி மாஸ்டர் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் ரொம்ப மரியாதையாக மாறியது. அது நல்லதுக்கு இல்லை என்று கொழுந்தனுக்குத் தெரியும்.

"மாஸ்டர், நீங்க மூச்சுல பெரிய ஆளு. மீனு எப்படி மூச்சு விடும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"செவுள்ல. சின்னப் பிள்ளைக்கும்... தெரியும்."

"எல்லா மீனுமா?"

"எல்லா மீனும்தான்."

"எழுதிக்கோங்க இன்ஸ்பெக்டர்," என்றாள் அண்ணி. "அவர் வாயாலயே சொன்னார்னு எழுதிக்கோங்க."

பிறகு எழுந்து தொட்டியருகே போனாள். உள்ளே எட்டுத் தங்க மீன்கள், உள்ளங்கை அளவு, ஒரு குறையும் இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. நடுவில் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு கோட்டை. தொட்டிக்கு வெளியே ஒரு வடிகட்டிப் பெட்டி தொங்கியது. தண்ணீர் அதற்குள் ஏறிச் சலசலவென்று விழுந்து, காற்றைச் சேர்த்துக்கொண்டு மூலையிலிருந்த சல்லடைத் துளை வழியாக உள்ளே திரும்பியது. தொட்டியின் தலைமேல் கனமான கண்ணாடி மூடி, விளிம்போடு விளிம்பாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

விஷம் என்றால் விராலை மட்டும் தேடிப் பிடித்துக் கொன்றுவிட்டு இந்த எட்டையும் விட்டுவிடுமா என்று அண்ணி கேட்டாள். இன்ஸ்பெக்டர் கொட்டாவியை நிறுத்தினார்.

கண்ணாடியின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. அது என்ன என்று அண்ணி கேட்க, தண்ணீர் ஊற்ற வேண்டிய அளவு என்றாள் அந்தப் பெண். மூடிக்குக் கீழே கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும் என்பதற்காக அவளே ஒட்டியது. திங்கட்கிழமை தோறும் அந்தக் கோடு வரைக்கும் ஊற்றுவாள். இந்தத் திங்கட்கிழமை அவள் வரவே இல்லை. ஆனால் தண்ணீர் கோட்டைத் தாண்டி, மூடியைத் தொட்டுவிடும் உயரத்தில் நின்றது. நடுவே ஒரு பேப்பர் நுழையும் சந்துதான்.

"அந்தப் பேப்பர் சந்துகூட இந்த மீனை வெளிய எடுத்ததால வந்தது," என்றாள் அண்ணி. "மீன் உள்ள இருந்தப்ப அதுவும் இருந்திருக்காது."

"அதனால என்ன மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதனாலதான் செத்துச்சு. இது விஷத்துல சாகல. தண்ணில மூழ்கிச் செத்திருக்கு."

இன்ஸ்பெக்டர் கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தனே அண்ணியைத்தான் பார்த்தான். மாஸ்டர் மட்டும் சிரித்தார். மீன் மூழ்கிச் சாகுமா என்று கேட்டார், அதற்கே இரண்டு முறை நிறுத்தினார்.

அண்ணி அவரைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். கம்பெனியில் இருந்தபோது ஒரு குளத்துக்காரன் க்ளெய்ம் போட்டான். கரண்ட் போய்ப் பம்ப் நின்றதில் கெண்டையும் விராலுமாக மொத்த மீனும் செத்துவிட்டது என்றான். கெண்டைக்கு மட்டும் பணம் கொடுக்கச் சொல்லி எழுதினாள் அவள். ஏனென்றால் கெண்டை, தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனைச் செவுளால் எடுக்கும்; தண்ணீரில் அது தீர்ந்தால் சாகும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் காற்றுக்கென்று தனி அறை உண்டு. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வந்து நம்மைப் போலக் காற்றைக் குடித்தாக வேண்டும். பம்ப் நின்றதற்காக விரால் சாகாது. மேலே வரவிடாமல் தடுத்தால் எவ்வளவு நல்ல தண்ணீரிலும் மூச்சு முட்டிச் சாகும்.

"நாலு வருஷமா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ அது மேல வந்து மூச்சு விட்டிருக்கு," என்றாள் அண்ணி. "மூச்சு மாஸ்டர் அத வணக்கம்னு நெனச்சிருக்கார்."

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டான். இன்ஸ்பெக்டரும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாஸ்டருக்கு முகம் கறுத்தது. அப்படியானால் அந்தப் பெண்தான் தண்ணீரை அதிகமாக ஊற்றியிருக்கிறாள் என்றார், உடனே. சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்றாள் அண்ணி. சனிக்கிழமை காலை அவள் மேசையில் இருந்தவரை மீன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஆம்புலன்ஸ்காரர்களை அழைத்துவர மூன்று மாடி இறங்கி ஓடினாள். சித்தியோடு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனவள் இன்றைக்குத்தான் இங்கே திரும்ப வந்திருக்கிறாள். அவள் படியிறங்கி ஏறுவதற்குள் ஏழெட்டு நிமிஷம். அந்த நேரம் மண்டபத்தில் பதினாறு பேருக்குக் கண் மூடியிருந்தது. திறந்த கண் ஒரே ஒரு ஜோடி.

"தண்ணி ஊத்தாமயே தண்ணி ஏறணும்னா உள்ள ஏதாவது போகணும்," என்றாள் அண்ணி. "தம்பி, அந்தப் பூந்தொட்டி ரெண்டையும் பாரு."

கொழுந்தன் பார்த்தான். ஒரு தொட்டியில் மண்ணை மூடி வழவழவென்று வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருந்தது. இன்னொன்றில் வெறும் மண்.

அவன் சட்டைக் கையை மடித்தான். இருந்திருந்து இன்றைக்குத்தான் இஸ்திரி போட்ட சட்டை என்று முனகிக்கொண்டே நாற்காலி மேல் ஏறி மூடியைத் தூக்கினான். தோள்வரை கையை விட்டான். தங்க மீன்கள் ஓரமாக ஒதுங்கி அவனை வேடிக்கை பார்த்தன. பிளாஸ்டிக் கோட்டைக்குப் பின்னால் வெள்ளைக் கூழாங்கல் ஒரு மேடாகக் குவிந்து கிடந்தது. அள்ளி அள்ளி ஒதுக்கினான். விரலில் இரும்பு தட்டியது.

பெட்டி மேலே வந்தபோது அதன் ஓட்டையிலிருந்து தண்ணீர் கொட்டி, மாஸ்டரின் வெள்ளைக் கம்பளம் நனைந்தது. அந்தப் பெண் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. நாலு கறை இருந்த இடத்தில் பெட்டியை வைத்ததும் நாலு காலும் சரியாகப் பொருந்தியது.

இந்தப் பெட்டியைத் தான் பார்த்ததே இல்லை என்றார் மாஸ்டர். அதை முழுசாகச் சொல்ல அவருக்கு ஐந்து மூச்சு பிடித்தது. கழுத்துச் சாவி எதனுடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குரலில் இப்போது கொட்டாவி இல்லை.

"என் அலமாரி... சாவி."

"குடுங்க. அலமாரிய அப்புறம் பாக்கலாம்."

மாஸ்டர் கொடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கயிற்றோடு கழற்றிக்கொண்டார். சாவி பூட்டுக்குள் போய் ஒரே திருகில் திரும்பியது.

உள்ளே எட்டு இன்ஹேலர். ஏழில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு சீட்டு. 'இனி இது எனக்கு வேண்டாம்' என்று ஒவ்வொருவரும் தன் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்திருந்தார்கள். கீழே மாஸ்டரின் பெரிய கையெழுத்து. பால்பாயின்ட் மை, தண்ணீரில் மூன்று நாள் ஊறியும் அழியவில்லை. மேலாக இருந்தது சனிக்கிழமைத் தேதி போட்டது. தையல்காரியின் குண்டு குண்டான எழுத்து. அந்தப் பெண் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எட்டாவதில் சீட்டு இல்லை. ரொம்ப நாள் புழங்கி வாய்ப்பகுதி மஞ்சளாகியிருந்தது. மருந்துக் கடை ஒட்டிய காகிதம் பாதி கிழிந்திருந்தது. மீதியில் இருந்த பெயரை இன்ஸ்பெக்டர் படித்தார். படிக்கட்டுச் சுவர் நெடுக அந்தப் படங்களுக்குக் கீழே அச்சடித்திருந்த அதே பெயர்.

கொழுந்தனுக்கு அப்போதுதான் எல்லாம் சேர்ந்து விளங்கியது. தோள் ஏறி இறங்குவது, மூன்று வார்த்தைக்கு ஒரு நிறுத்தம், விடாமல் குடிக்கிற வெந்நீர், கழுத்தை விட்டு இறங்காத சாவி. ஞானமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த ஆளுக்கு இழுப்பு. ஊரார் மருந்தையெல்லாம் பிடுங்கிப் பூட்டிவிட்டு, யாரும் இல்லாதபோது பூட்டைத் திறந்து தன்னுடையதை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டியைத் தண்ணீரில் போட்ட அவசரத்தில் தன் மூச்சையும் சேர்த்துப் போட்டுவிட்டார். எதிரிலேயே மருந்துக் கடை. கான்ஸ்டபிளிடம் ஒரு வார்த்தை சொன்னால் வாங்கி வந்திருப்பான். ஆனால் அந்தக் கடைச் சுவரிலும் அவர் படம் சிரித்துக்கொண்டிருந்தது. மானம் போகும் என்று மூன்று நாள் வெந்நீர் குடித்திருக்கிறார்.

இப்போது வெந்நீர் உதவவில்லை. மாஸ்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வந்தது. கை பாய்ந்து எட்டாவது இன்ஹேலரைப் பிடுங்கி வாயில் வைத்து அழுத்தியது. உள்ளிருந்து தண்ணீர்தான் வந்தது. இருமினார். உதடு நிறம் மாறத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

மாஸ்டரின் கண் மேசையின் மறுபக்கம் போனது. கொழுந்தனை அவரே வெளியே வைக்கச் சொன்ன இன்ஹேலர் அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் அந்தப் பெண்ணின் கை.

அவர் கையை நீட்டினார். சித்தி நீட்டியதும் இப்படித்தானே என்று கொழுந்தன் நினைத்தான். இன்னும் ஆழமாக இழுங்க சார், இழுத்து அடக்குங்க என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. அவனும் இழுப்புக்காரன், சொல்ல முடியவில்லை. அண்ணி அசையாமல் அந்தப் பெண்ணையே பார்த்தாள்.

அந்தப் பெண் இன்ஹேலரை எடுத்து நன்றாக ஒரு குலுக்குக் குலுக்கினாள். மேசையைச் சுற்றி வந்து அவர் வாயருகே வைத்தாள்.

"எங்க சித்தி உங்ககிட்ட பத்து நிமிஷம் கேட்டாங்க," என்றாள். "இந்தாங்க. மொதல்ல இருக்கிற காத்த வெளிய விடுங்க, அப்புறம் இழுங்க."

அவர் சொன்னபடி செய்தார். மூச்சு மாஸ்டருக்கு அன்றைக்குத்தான் ஒருவர் சரியாக மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார். இரண்டாவது அழுத்துக்குப் பிறகு விசில் கொஞ்சம் தணிந்தது. நாற்காலியில் சாய்ந்து, அன்று முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை நிறுத்தாமல் சொன்னார்.

"இத சீடங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ஆஸ்பத்திரியில் ஒருத்தி மிஷினோடு கிடக்கிறாள், எதிரே ஒருத்தி ஜெயில் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறாள், அந்த ஆளுக்குக் கவலை இது. அண்ணி அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பொய் க்ளெய்ம் போட்டவர்களைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"நாங்க ஏன் சொல்றோம்?" என்றாள். "பதினாறு பேரும் கோர்ட்டுக்கு வருவாங்க. அங்கயாவது கண்ணத் தொறந்து வச்சுக்கட்டும்."

மணி பன்னிரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது. மூன்று நாளாக அந்தப் பெண்ணின் போனைச் சித்தி மகளான தங்கை எடுப்பதே இல்லை என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். அவரே தன் போனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அடித்தார். பெட்டி கிடைத்துவிட்டது, உள்ளே உங்க அம்மா மருந்து இருக்கிறது, சாவி மாஸ்டர் கழுத்தில் இருந்தது என்று சுருக்கமாகச் சொன்னார். தான் மூன்று நாள் தப்பாகப் பார்த்துவிட்டதையும் சேர்த்துச் சொன்னார். பிறகு போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். ஹலோ சொல்லவில்லை. அந்தப் பக்கமும் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரி மிஷின் ஒரே சீராக மூச்சு விடுகிற சத்தம் மட்டும் போனில் வந்தது, கொழுந்தன் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

பிறகு தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா," என்றாள். "எந்த பஸ்ல வர்ற?"